லடாக் போகிற வேனுக்கு சின்னமுட்டம் ஐஸ்

குளிரில் லித்தியம் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கலாம், ஏற்றத்தான் கூடாது. வேனில் லித்தியம் போட்டுக்கொண்டு லே, ஸ்பிதி என்று கிளம்புகிற நம்ம ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் "அதெல்லாம் பிஎம்எஸ் பாத்துக்கிடும்" என்று, பேட்டரிக்குள் இருக்கும் காவல் போர்டின் மேல் பாரத்தைப் போட்டு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ளுமா மாட்டாதா என்பதை இங்கேயே, வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே சோதித்துவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்குக் கொஞ்சம் ஐஸும் கல்லுப்பும் போதும்.

நான் நாகர்கோவிலில் வேன்களுக்கு சோலாரும் இன்வெர்ட்டரும் வயரிங் செய்து கொடுக்கிறவன். டெம்போ டிராவலர், பழைய ஸ்கூல் வேன், ஆம்னி என்று எதையாவது கொண்டுவந்து நிறுத்துவார்கள், உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஃபேன் மாட்டி, குட்டி ஃப்ரிட்ஜுக்கு லைன் கொடுத்து அனுப்ப வேண்டும். ஸ்ரீநகரில் தொடங்கும் என்எச் 44 நம்ம கன்னியாகுமரியில் வந்து முடிகிறது, அதனால் வேன் கட்டி முடித்த எவருக்கும் முதலில் வருகிற ஆசை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டிப் பார்ப்பதுதான். தப்பில்லை. ஆனால் நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே கட்டி, இங்கே ஓட்டிப் பார்த்து, எல்லாம் ஓகே என்று சொல்லி அனுப்புகிற பேட்டரி முதன்முதலாகப் பூஜ்ஜியம் டிகிரியைச் சந்திப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கடையே இல்லாத ஓர் இடத்தில்.

லடாக் வரைக்கும் போகத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி வெள்ளையாகிக் கிடக்கும் படம் வருஷா வருஷம் பேப்பரில் வரும். மூணாறிலும் சில ஜனவரிகளில் தெர்மாமீட்டர் மைனஸுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கிருந்து கிளம்பினால் ஞாயிறு விடியற்காலையில் வேன் கூரையில் உறைபனியோடு எழுந்திருக்கலாம். குளிர் வடநாட்டுச் சமாசாரம் என்று இருந்துவிட வேண்டாம்.

சரி, ஏன் ஏற்றக்கூடாது? கேம்பர்களில் போடுவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. ஒரு செல் 3.2 வோல்ட், நாலு செல்லை வரிசையாகச் சேர்த்தால் 12.8 வோல்ட். அந்த செல்லின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள், கரண்ட் எடுக்க மைனஸ் 20 டிகிரி வரை அனுமதி இருக்கும், ஏற்றுவதற்கு மட்டும் 0 டிகிரியில் கோடு போட்டிருப்பார்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கம் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள்ளே போய் உட்கார வேண்டும். குளிரில் இந்த உள்ளே போகிற வேலை ரொம்ப மெதுவாகிவிடுகிறது, ஆனால் சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குளச்சலில் ஒரே நேரத்தில் வள்ளங்கள் எல்லாம் கரையேறி, ஏலம் எடுக்க ரெண்டே ஆள் நின்றால் மீன் மணலிலேயே குவியுமே, அந்தக் கதைதான். உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடுகிறது.

படிந்ததில் ஒரு பகுதி அப்புறம் எந்தக் காலத்திலும் வேலைக்குத் திரும்பாது, அந்த அளவுக்கு பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் போச்சு. படிந்த உலோகம் ஊசி மாதிரி வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைக் குத்திவிட்டால் செல்லுக்குள்ளேயே ஷார்ட். எல்எஃப்பி மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கிற பயம் குறைந்ததுதான், அதற்காக உள்ளே ஷார்ட் ஆன செல்லைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க எனக்கு மனசு வராது. இதில் எரிச்சலான விஷயம், நடக்கும்போது ஒன்றுமே தெரியாது. புகை இல்லை, நாற்றம் இல்லை, ஆப்பில் சிவப்பு விளக்கு இல்லை, வோல்டேஜ் அழகாக ஏறிக்கொண்டிருக்கும். ஊருக்கு வந்து சில மாதம் கழித்து "அண்ணே, ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓட மாட்டேங்குது" என்று போன் வரும்.

0 டிகிரி என்பதை ஒரு மதில் சுவராக நினைக்கவும் வேண்டாம். மைனஸ் 1-ல் 2 ஆம்பியர் ஏற்றுவதும் மைனஸ் 12-ல் 50 ஆம்பியர் ஏற்றுவதும் ஒன்றல்ல. குளிர் கூடக் கூட, கரண்ட் கூடக் கூட சேதம் கூடும். அதே மாதிரி 0 தாண்டிவிட்டது என்று முழுக் கரண்டையும் திறந்து விடுவதும் சரியில்லை, 0-க்கும் 10-க்கும் நடுவில் செல் கொஞ்சம்தான் வாங்கும். 100 ஏஎச், அதாவது 100 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் அந்த நேரத்தில் 10 ஆம்பியருக்கு மேல் போகாமல் நான் செட் பண்ணிக் கொடுப்பேன்.

எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. நாம் பேசுகிறது செல்லின் வெப்பநிலையை, வெளிக்காற்றுடையதை அல்ல. 100 ஏஎச் பேட்டரி ஒன்று சுமார் 12 கிலோ, அது ஆறுவதற்கும் நேரம் எடுக்கும், சூடாவதற்கும் நேரம் எடுக்கும். லேயில் காலை எட்டு மணிக்கு நல்ல வெயில், கூரையில் பேனல் சுறுசுறுப்பாக வேலையை ஆரம்பித்துவிட்டது, நீங்கள் வெளியே நின்று வெயில் காய்ந்துகொண்டு "குளிர் விட்டாச்சு" என்கிறீர்கள், ஆனால் சீட்டுக்கு அடியில் செல் இன்னும் மைனஸ் 6-ல் உறைந்து கிடக்கிறது. ஆபத்தான நேரம் இந்தக் காலை நேரம்தான். சாயங்காலம் நிலைமை தலைகீழ், வெளியே மைனஸ் 3 என்று போன் காட்டும், பகல் முழுக்க ஓடி வந்த வண்டிக்குள் செல் 12 டிகிரியில் இருக்கும், தாராளமாக ஏற்றலாம். போனில் வருகிற வானிலையைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ரெண்டு பக்கமும் தப்பாகவே செய்வார்கள்.

இனி பிஎம்எஸ். பேட்டரிக்குள்ளே செல்களைக் காவல் காக்கிற போர்டு அது. ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பார்க்கும், அதிகம் ஏறினால் துண்டிக்கும், ரொம்ப இறங்கினாலும் துண்டிக்கும். குளிரில் சார்ஜைத் துண்டிக்கிற வேலை எல்லா பிஎம்எஸ்ஸிலும் இல்லை, விலை குறைந்த போர்டுகளில் சூடு கூடினால் துண்டிப்பது மட்டும் இருக்கும். சிலவற்றில் இருக்கும், ஆனால் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே சார்ஜ் துண்டிப்பு மைனஸ் 20 என்று போட்டு வைத்திருப்பார்கள், அதாவது இருந்தும் இல்லாத மாதிரி. மூன்றாவது வகைதான் மோசம், சென்சார் செல்லின் மேல் இருக்காமல் போர்டின் மேலேயே ஒட்டியிருக்கும். சார்ஜ் ஏறும்போது போர்டில் சுவிட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட்கள் சூடாகும், அந்தச் சூட்டைப் பார்த்து சென்சார் 8 டிகிரி, 10 டிகிரி என்று காட்டும், பக்கத்தில் செல் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்.

தக்கலைக்காரத் தம்பி ஒருவர் ஆன்லைனில் ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தார். "கோல்டு கட்-ஆஃப் இருக்குன்னு எழுதியே தந்திருக்காங்க அண்ணே, ஒண்ணும் பாக்காண்டாம், மாட்டிட்டு விட்டுருங்க" என்றார். நான் பார்க்காமல் மாட்ட மாட்டேன் என்று சொல்லி, மூடியைத் திறந்து சென்சாரை உப்பு கலந்த ஐஸில் போட்டேன். ஆப்பில் மைனஸ் 7 என்று தெளிவாகக் காட்டுகிறது, வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரில் 14 ஆம்பியர் பேட்டரிக்குள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால் "சார், இந்தியாவுல அவ்வளவு குளிர் எங்க வருது" என்று பதில். லடாக்கில் உறைந்து கிடக்கிற திராஸ் ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நல்லவேளை அந்த போர்டில் செட்டிங்கை மாற்ற முடிந்தது, ஆப்பின் பாஸ்வேர்டு வாங்குவதற்குள் தம்பிக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஐஸ் சோதனையை விவரமாகவே சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் செய்யலாம். சின்னமுட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று எந்த மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போனாலும் போட்டுக்கு ஏற்றுகிற ஐஸ் கிடைக்கும், உடைத்த ஐஸாகவே கேளுங்கள். ஒரு சின்ன வாளியில் ஐஸைப் போட்டு, ஐஸ் நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அஞ்சு நிமிஷம் விடுங்கள். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து இருக்கிற வரைக்கும் அது 0 டிகிரியிலேயே நிற்கும், எந்தக் கருவியும் இல்லாமல் கையில் கிடைக்கிற துல்லியமான அளவுகோல் இது. பிஎம்எஸ்ஸின் சென்சார் வயரை ரெண்டு பாலிதீன் கவருக்குள் விட்டு, வாயை நூலால் இறுக்கக் கட்டி, நடுவாளியில் அமுக்கிப் பிடியுங்கள். ஆப்பில் நம்பர் இறங்கும். 29, 21, 13 என்று வேகமாக வந்து, 4-க்குப் பிறகு தயங்கித் தயங்கிப் போகும். கடைசியில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 0 அல்லது 1-ல் நின்றால் சென்சார் நல்லது. 4-ல் நின்றால் அது எப்போதும் 4 டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம், துண்டிப்பு செட்டிங்கை அதற்கேற்ப மேலே வைக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. தண்ணீரை வடித்துவிட்டு, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டுக் கலக்குங்கள், சாமித்தோப்பு உப்பளப் பக்கம் போகிறவர்கள் ஒரு கவரில் எடுத்துக்கொள்ளலாம். உப்பு சேர்ந்தால் ஐஸ் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், கணக்குப்படி மைனஸ் 21 வரை, வாளியில் மைனஸ் 10 சுலபமாக வந்துவிடும். இப்போது சார்ஜரை ஆன் செய்து, பேட்டரிக்குப் போகிற வயரில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு சென்சாரை இறக்குங்கள். நீங்கள் செட் செய்த நம்பரைத் தொட்டதும் மீட்டரில் ஆம்பியர் சுத்தமாகப் பூஜ்ஜியமாக வேண்டும். ஆப்பில் எழுத்து வருவதை நம்பாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். அதே நேரத்தில் ஒரு லைட்டையோ ஃபேனையோ போட்டுப் பாருங்கள், அது ஓட வேண்டும், அதாவது ஏற்றுவது நின்று எடுப்பது மட்டும் நடக்க வேண்டும். சென்சாரை வெளியே எடுத்தால் 5 டிகிரி போல வந்த பிறகு மறுபடி ஏற ஆரம்பிக்க வேண்டும், 1-லேயே ஆரம்பித்தால் துண்டிப்பதும் சேர்ப்பதுமாகக் காலை முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையில் செல்லுக்கு ஒரு சேதமும் இல்லை, குளிர்வது சென்சார் மட்டும்தான், செல் நம்ம ஊர்ச் சூட்டில் சுகமாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் மட்டும் டெர்மினலில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸுக்கு அலைய முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. பெரும்பாலான பிஎம்எஸ்களில் இருப்பது 10 கே என்டிசி சென்சார், 25 டிகிரியில் 10 கிலோ ஓம், குளிரக் குளிர ஓம் கூடும், 0 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ ஓம் பக்கம் வரும். சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 47 கே ரெசிஸ்டரை மாட்டினால், சென்சார் வகையைப் பொறுத்து மைனஸ் 6 முதல் மைனஸ் 10 வரை எதையாவது பிஎம்எஸ் படிக்கும். சில்லறைக் காசு ரெசிஸ்டர். ஆனால் இது போர்டின் புத்தியைத்தான் சோதிக்கும், சென்சார் சரியாகச் சொல்கிறதா, சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்பது தெரியாது. எனக்கு ஐஸ்தான் திருப்தி.

மூடியே திறக்க முடியாத சீல் பேட்டரி என்றால் முழு பேட்டரியையும் குளிரூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தெரிந்த மீன்காரரோ ஐஸ்க்ரீம் கடைக்காரரோ ஃப்ரீசரில் ஒரு ராத்திரி இடம் கொடுத்தால் போதும், மைனஸ் 10, மைனஸ் 15-ல் சும்மா இருப்பது எல்எஃப்பிக்குப் பிரச்சனை இல்லை. காலையில் ஃப்ரீசரிலிருந்தே வயரை வெளியே இழுத்து, 2 ஆம்பியர் மாதிரி சின்ன சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். கரண்ட் போகவில்லையா, நல்ல பேட்டரி. போகிறதா, அந்த நொடியே கழற்றிவிட்டு விற்றவரிடம் பேசுங்கள். வெளியே எடுக்கும்போது முழுக்க பாலிதீனில் சுற்றி எடுத்து அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள். கடலோரக் காற்று, குளிர்ந்த பேட்டரி மேல் தண்ணீராகக் கொட்டும். மீன் நாற்றம் போக ரெண்டு நாள் ஆகும், அதற்கு நான் பொறுப்பில்லை.

பிஎம்எஸ் துண்டித்தால் போதுமே, வேறென்ன என்று கேட்கலாம். பிஎம்எஸ் கடைசிக் காவல், தினமும் காலையில் அதை வைத்து நிறுத்துவது நல்ல வழக்கமில்லை. சார்ஜரே முதலில் நிற்க வேண்டும். சார்ஜர் 5 டிகிரியில் நிற்கட்டும், அது தவறினால் பிஎம்எஸ் 1 அல்லது 2 டிகிரியில் துண்டிக்கட்டும், இப்படித்தான் நான் வைப்பேன். சோலாரில், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜ் ஏற்றுகிற எம்பிபிடி கன்ட்ரோலர்களில், கொஞ்சம் நல்லவற்றில் குளிரில் நிறுத்துகிற செட்டிங் உண்டு, விக்ட்ரான் ஸ்மார்ட்சோலாரில் லித்தியம் என்று தேர்ந்தெடுத்தால் 5 டிகிரியில் நிறுத்தும். ஆனால் பேட்டரி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும், அதற்குத் தனி சென்சார் வாங்க வேண்டும், அதை வாங்காமல் "செட்டிங் போட்டாச்சு" என்று இருப்பவர்கள் நிறைய.

இன்ஜினிலிருந்து ஏறுவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சோலார் காலையில் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் சாவியைத் திருப்பி இன்ஜின் ஓடிய மறு நிமிஷமே, ஆல்டர்னேட்டர் கரண்டை வாங்கி லித்தியத்துக்கு ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர் 30 ஆம்பியரைத் தள்ளும், அதுவும் செல் ராத்திரிக் குளிரில் விறைத்திருக்கும் விடியற்காலையில். அந்த சார்ஜரில் இக்னிஷன் வந்தால்தான் ஓட வேண்டும் என்று ஒரு சின்ன சிக்னல் வயர் இருக்கும். அந்த வயரின் நடுவில் டபிள்யூ 1209 மாதிரி ஒரு மலிவான தெர்மோஸ்டாட் போர்டை வைத்து, அதன் சென்சாரை செல்லின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டால் 5 டிகிரி வரும்வரை சார்ஜர் எழுந்திருக்காது. பெரிய கரண்ட் போகிற வயரில் ரிலே வைத்துத் துண்டிக்கிற வேலை வேண்டாம். டிசி-டிசி சார்ஜரே இல்லாமல் ஆல்டர்னேட்டரை நேரே லித்தியத்துக்கு இழுத்திருக்கிற வண்டிகளும் வருகின்றன. அதில் பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால் போக இடமில்லாத கரண்டால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடே போய்விடலாம். அப்படி வந்தால் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுவேன், ஓனர் முகம் சுளித்தாலும் சரி.

ஹீட்டர் பேட் போடலாமா என்றால், போடலாம், கணக்கு நல்லாவே ஒத்துவருகிறது. எல்எஃப்பி செல் ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற சுமார் ஒரு கிலோஜூல் வேண்டும். 12 கிலோவை மைனஸ் 10-லிருந்து 5-க்குக் கொண்டுவர 15 டிகிரி, மொத்தம் 180 கிலோஜூல், அதாவது 50 வாட்-அவர். 60 வாட் பேட் ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் செய்துவிடும், சுற்றிலும் கசிகிற சூட்டைச் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். 100 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1280 வாட்-அவர், அதில் இது சின்னப் பங்குதான், குளிரில் எடுப்பதற்குத் தடையும் இல்லை. பேடை செல்லின் மேல் நேராக ஒட்டாமல் ஒரு அலுமினியத் தகட்டில் ஒட்டி, தகட்டின் மேல் செல்களை உட்கார வையுங்கள், சூடு பரவும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அறுத்துவிட ஒரு தெர்மல் ஃபியூஸும், லைனில் சாதாரண ஃபியூஸும் கண்டிப்பாக வேண்டும். 12 வோல்ட் பல்பைப் பெட்டிக்குள் எரியவிட்டுச் சூடேற்றலாமா என்று கேட்கிறார்கள், வேண்டாம்.

பெட்டி கட்டுவதில்தான் நம்ம ஊர்க்காரனுக்குச் சிக்கல். குளிருக்கு வேண்டியது, பேட்டரி வண்டிக்கு உள்ளே, ஆள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், இரும்புத் தரையைத் தொடாமல் பிளைவுட் மேல், சுற்றிலும் தெர்மாகோலோ அதைவிட நல்ல ஃபோமோ வைத்து அடைத்த பெட்டி. ஆனால் அந்த வேன் வருஷத்தில் பெரும்பகுதி நிற்கப்போவது பார்வதிபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ வெயிலில், சித்திரை மாசம் மூடிய வேனுக்குள் கை வைக்க முடியாது. லித்தியத்துக்கு நீண்ட கால எதிரி சூடுதான், அதை ஃபோமில் பொதிந்து வைத்தால் குளிருக்குத் தப்பிய பேட்டரி சூட்டில் கிழடாகும். அதனால் ஃபோமை நான் ஒட்டுவதே இல்லை. நாலு பக்கமும் செருகி எடுக்கிற மாதிரி பலகையாக வெட்டி, மேலே கழற்றுகிற மூடி வைத்துக் கொடுப்பேன், மலைக்குப் போகும்போது செருகு, திரும்பி வந்தால் உருவிப் பரணில் போடு. ஃபோம் சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ரெண்டு நாள் ஓடாமல் நின்றால் பெட்டிக்குள்ளும் வெளியே இருக்கும் அதே குளிர்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். ஆயுசுக்கு ஒரு முறை லே போய்வரப் போகிறவர் தானே சூடேறும் பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த பேட்டரிகள் நல்லவைதான், சார்ஜ் வந்தால் முதலில் அந்தக் கரண்டில் ஹீட்டரை ஓட்டி, 5 டிகிரி வந்த பிறகே செல்லுக்குள் விடும். குளிர் நாட்டில் வருஷத்தில் பாதி வாழ்கிறவனுக்கு அது நியாயம். நம்ம ஆளுக்கு ஒரு சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், டிரைவர் சீட் பக்கத்தில் சோலாருக்கு ஒரு சுவிட்ச், டிசி-டிசிக்கு ஒரு சுவிட்ச், போதும். சோலார் சுவிட்ச் பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு வருகிற வயரில் இருக்க வேண்டும், பேட்டரிப் பக்கம் துண்டித்தால் சில கன்ட்ரோலர்கள் தாங்காது. ராத்திரி படுக்கும்முன் ரெண்டையும் அணை, காலையில் செல் 5 டிகிரி தாண்டியதும் போடு. மறந்துபோனால் காக்கத்தான் ஐஸில் சோதித்த பிஎம்எஸ். பழைய லெட் ஆசிட் டியூபுலரே வண்டியில் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, அது குளிரில் மெதுவாகவாவது வாங்கும், காலியாக விட்டால் மட்டும் உள்ளே ஆசிட் உறைந்து வெடிப்பு விழும். எடையைத் தூக்கத் தெம்பிருந்தால் சரி.

அப்புறம் பேட்டரியைப் பற்றியே பேசிக்கொண்டு பேனலை விட்டுவிடக்கூடாது. சோலார் பேனல் குளிரில் வோல்டேஜ் கூடும், 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் சுமார் 0.3 சதவீதம். மைனஸ் 15-ல் 40 டிகிரி இறக்கம், அதாவது 12 சதவீதம். ரெண்டு பேனலை சீரீஸில் போட்டு இங்கே 90 வோல்ட் வருகிறது, கன்ட்ரோலர் 100 வோல்ட் தாங்கும் என்று நிம்மதியாகக் கிளம்பினால், உறைபனிக் காலையில் முதல் வெயில் பட்டதும் அது 100-ஐத் தாண்டும், கன்ட்ரோலர் போய்விடும், அதற்கு வாரண்டியும் கிடைக்காது. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் விஓசி (எதையும் இணைக்காதபோது வரும் வோல்டேஜ்) என்று போட்டிருக்கும் நம்பரை எடுத்து, சீரீஸில் எத்தனை பேனலோ அத்தனையால் பெருக்கி, வருவதை 1.15-ஆல் பெருக்குங்கள். கன்ட்ரோலரின் வரம்புக்குள் வராவிட்டால் பேனல்களைப் பேரலலுக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பேரலலில் கரண்ட் கூடும் என்பதால் கூரையிலிருந்து கீழே வருகிற வயரின் தடிமனையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.